மாட்டுங்காவுக்கு வந்த சலங்கை

கலைக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவைப் பற்றி இந்த இதழுக்கு ஏதாவது எழுதித் தரவேண்டும் என்று நமது சங்க அன்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டபோது, முதலில் மறுத்துவிடத்தான் தோன்றியது. அடியேன் வித்வானும் இல்லை, விமரிசகனும் இல்லை. முப்பத்தைந்து வருஷம் வங்கியில் பேரேடு பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் பிறந்து வளர்ந்தது மாட்டுங்காவில், குடும்பஸ்தனாக வாழ்ந்தது செம்பூரில். இந்த இரண்டு ஊர்களும் வெறும் குடியிருப்புகளாக நின்றுவிடாமல் "ஊர்" ஆனது எப்படி என்று யோசித்தால், பதில் சில கலைஞர்களிடம்தான் போய் முடிகிறது. அவர்களை நாம் எப்படி வைத்துக்கொண்டோம் என்பது அந்தப் பதிலின் மறுபாதி. பேரேட்டில் வரவு எழுதினால் பற்றும் எழுதவேண்டும் அல்லவா? இரண்டையும் எழுதிப் பார்க்கிறேன்.

வெளியூர் அன்பர்களுக்காக மாட்டுங்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. நெருக்கடியான பழைய பேட்டைகளில் ஜனங்கள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். அதன் பிறகு 1898-ல் அரசாங்கம் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்தது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பக்கங்களில் அகலமான தெருக்களும் தோட்டங்களுமாகப் புதிய குடியிருப்புகள் அந்த டிரஸ்ட் போட்ட திட்டத்தில் எழுந்தவை. ஃபைவ் கார்டன்ஸைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வீடுகள் கட்டி முடிந்த காலத்தில் அவற்றை நிரப்பியவர்களில் பெரும்பகுதி தெற்கேயிருந்து வந்த நம்மவர்கள். தஞ்சாவூர் ஜில்லா, பாலக்காடு, திருநெல்வேலி என்று எங்கெங்கிருந்தோ டைப்ரைட்டிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்றுக்கொண்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு விக்டோரியா டெர்மினஸில் வந்து இறங்கியவர்கள். குழந்தைகளின் படிப்புக்காக 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் வந்தது. சாப்பாட்டுக்கு மெஸ்கள் வந்தன. ராம நாயக்கின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942-ல் தொடங்கியது. பஜனைக்கும் பூஜைக்கும் சமாஜங்கள் ஏற்பட்டன.

இவ்வளவும் இருந்தும், அப்பா சொல்வார்: "நாப்பதுகள்லே மாட்டுங்கா ஒரு பெரிய ஹாஸ்டல் மாதிரிதான் இருந்துது. எல்லாருக்கும் மனசிலே ரிடையர் ஆனா ஊருக்குப் போயிடணும்னுதான்." அப்பா 1943-ல் வந்தவர். திருவிடைமருதூருக்குப் பக்கத்துக் கிராமம். அவருடைய ஊர்ப்பக்கத்திலிருந்தே 1945-ல் ஒரு குடும்பம் மாட்டுங்காவில் நாட்டியப் பள்ளி வைத்தபோது, ஊருக்குப் போகவேண்டும் என்ற எண்ணத்தில் பாதி அன்றே கரைந்துவிட்டது என்பது அவர் கட்சி.

திருவிடைமருதூர் குப்பையா பிள்ளை அவர்களின் குடும்பத்தைத்தான் சொல்கிறேன். அவர் தகப்பனார் பஞ்சாபகேச நட்டுவனார், "அபிநய நவநீதம்" என்ற நூலை எழுதியவர். வழிவழியாக நாட்டியம் சொல்லிவைத்த இசைவேளாளர் குடும்பம். ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பரத நாட்டிய கலா மந்திர் என்று மாட்டுங்காவில் அவர்கள் தொடங்கிய பள்ளி, பம்பாயிலேயே பழமையான பரதப் பள்ளி என்று பெயர் பெற்றது. குப்பையா பிள்ளையின் புதல்வர்கள் மகாலிங்கம் பிள்ளை, கல்யாணசுந்தரம் பிள்ளை, மாப்பிள்ளை கோவிந்தராஜ பிள்ளை, மகள் கருணாம்பாள் என்று குடும்பமே ஆசிரியர்களாக நின்றது. திருவிடைமருதூர் ஸ்வாமியின் திருநாமம் மகாலிங்கம் என்பது நம்மில் பலருக்குத் தெரியும். எங்கள் தெருவில் அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அப்பாவின் முகம் மலரும்.

இவர்கள் ஏன் காவேரிக் கரையை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்தார்கள்? அதைச் சொல்ல நூறு வருஷம் பின்னால் போகவேண்டும்.

தஞ்சாவூரில் 1676 முதல் ஆண்டவர்கள் மராட்டிய ராஜாக்கள். தமிழ், தெலுங்கு, மராத்தி, ஸம்ஸ்கிருதம் நான்கும் ஒரே சபையில் புழங்கிய காலம் அது. இன்று நாம் காணும் கச்சேரி முறை, அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் அந்த வரிசை, சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நான்கு சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒழுங்குபடுத்தியது. இரண்டாம் சரபோஜி (1798–1832) அவர்களை ஆதரித்ததோடு நிற்கவில்லை. நாட்டியத்துக்கென்றே மராத்தியில் நிரூபணங்கள் எழுதவும் செய்தார். அவை சரஸ்வதி மஹாலில் சுவடிகளாகப் பத்திரமாக இருந்தன. இந்த விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னால் பம்பாயில் இதற்கு வேலை வருகிறது.

1855-ல் வாரிசு இல்லை என்று சொல்லி ஆங்கிலேயர் தஞ்சாவூர் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டார்கள். அரண்மனைச் சம்பளத்தையும் மானியத்தையும் நம்பியிருந்த வித்வான்கள் சென்னைக்கும் மைசூருக்கும் திருவாங்கூருக்கும் போனார்கள். சிலருக்குப் போகும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகூட இல்லை. 1880-ல் தஞ்சாவூர்ப் பெண்ணான லக்ஷ்மிபாய், பரோடா மகாராஜா சாயாஜிராவைக் கல்யாணம் செய்துகொண்டு சிம்னாபாய் ஆனார். அவரோடு சீர்வரிசை போலவே கௌரா, காந்திமதி என்ற இரு நாட்டியக் கலைஞர்களும் நட்டுவனார்களும் பரோடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். வெள்ளிப் பாத்திரம், பட்டுப்புடவை, அப்புறம் இரண்டு தாசிகள்! ராஜாக்கள் கலையை வளர்த்தார்கள் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வளர்த்தது நிஜம். கலைஞரைச் சாமான்களோடு சேர்த்து அனுப்பியதும் நிஜம். காந்திமதியின் புதல்வர் குபேரநாத் தஞ்சாவூர்க்கர் என்ற பெயரோடு பரோடாவிலேயே ஆசானாக விளங்கினார். தஞ்சாவூர்க்கர் என்ற அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைக்கும். ஊரைத் துறந்தவர்கள் ஊரைப் பெயரில் கட்டிக்கொண்டார்கள்.

அடுத்து வந்தது சீர்திருத்தக் காலம். டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையாரின் முயற்சி எல்லோரும் அறிந்தது. தேவதாசி முறையைத் தடுக்கும் சட்டம் பம்பாய் மாகாணத்தில் 1934-லும் சென்னையில் 1947-லும் வந்தது. கோயிலுக்குப் பொட்டுக் கட்டிப் பெண்களைச் சீரழித்த வழக்கம் போகவேண்டியதுதான், அதில் எனக்கு மறு அபிப்பிராயம் இல்லை. ஆனால் அந்தக் கொந்தளிப்பில் ஆட்டத்துக்கே களங்கம் ஒட்டிக்கொண்டது. வக்கீல் ஈ. கிருஷ்ணய்யர் அதற்காக வாதாடினார். 1931-ல் சென்னை மியூசிக் அகாடமி கல்யாணி புதல்விகளை மேடையேற்றியது. 1935-ல் அடையாறில் ருக்மிணி தேவி ஆடினார். சதிர் என்ற பெயர் போய்ப் பரதநாட்டியம் என்ற பெயர் நிலைத்தது. நம் குடும்பங்களில் பெண்கள் ஆடலாம் என்றாயிற்று.

இந்தக் கட்டத்தை நம் மேடைகளில் பேசும்போது "நாம் கலையைக் காப்பாற்றினோம்" என்று சொல்வது வழக்கம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினேன். இப்போது எனக்கு அந்த வாக்கியம் வாயில் வரமாட்டேன் என்கிறது. நமக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? ருக்மிணி தேவிக்கு ஆசான் பந்தநல்லூர் மீனாக்ஷிசுந்தரம் பிள்ளை. கமலாவுக்கு வழுவூர் ராமையா பிள்ளை. (கமலா சிறுமியாகப் பம்பாயில் இருந்தபோது லச்சு மகராஜிடம் கதக் கற்றவர் என்பது நம் ஊருக்கு ஒரு சின்னப் பெருமை.) தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பங்களின் பெண்கள் ஆடினார்கள், ஆண்கள் நட்டுவாங்கம் செய்தார்கள். நம் பெண்கள் மேடைக்கு வந்தபோது அவர்கள் பெண்கள் மேடையை விட்டு இறங்கினார்கள். பாலசரஸ்வதி போல ஓரிருவர்தான் கடைசிவரை நின்றார்கள். ஆண்களுக்கு ஒரு வழி மிஞ்சியது. நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். அதற்கு அவர்களைத் தேடிக் கூப்பிட்ட ஊர்களில் ஒன்று மாட்டுங்கா.

ராஜாவின் இடத்தில் குமாஸ்தா வந்து உட்கார்ந்தார் என்று சொல்லலாம். மானியம் இல்லை, நிலம் இல்லை. மாசம் பிறந்தால் சம்பளம். அது ஒன்றும் பெரிய தொகை அல்ல. பெரும்பாலும் தேதி பத்துக்கு மேல்தான் கைக்கு வரும். ஆனால் ஒரு ராஜா போனால் எல்லாம் போயிற்று என்ற நிலைமை இனி இல்லை. நாற்பது குடும்பம் இருந்தால் நாற்பது ஆதரவு. மாட்டுங்காவில் நாட்டியம் வேரூன்றியதற்கு இதுதான் லௌகீகக் காரணம் என்பது என் கணிப்பு.

இனி எங்கள் அகத்துக் கதை.

என் அக்கா 1951-ல் பிறந்தவள். எட்டு வயதில் அவளுக்குப் பாடம் ஆரம்பித்தது. வாத்தியார் அகத்துக்கே வருவார். மேலே சொன்ன குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். வேறொரு நட்டுவனார், தஞ்சாவூர் ஜில்லாக்காரர்தான். அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டே அறை கொண்ட வீடு. கூடத்தில் ஊஞ்சலைக் கழற்றி மேலே மாட்டினால் அக்கா ஆட இடம் கிடைக்கும். அவர் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மரக்கட்டையில் தட்டுக்கழியால் தட்டிக்கொண்டே சொல்கட்டுச் சொல்வார். கீழ்மாடியில் குடியிருந்த மராத்திய மாமி ஒருநாள் மேலே ஏறி வந்தாள். சத்தத்துக்காகச் சண்டை போடத்தான் வருகிறாள் என்று அம்மா பயந்தாள். அவளோ தன் பெண்ணையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். அன்று முதல் இரண்டு ஜோடிக் கால்.

பாடம் முடிந்ததும் அவருக்குக் காபி. பித்தளை டபராவில் நுரை ததும்பக் கொடுப்பாள் அம்மா. அந்த டபராவும் டம்ளரும் ஜன்னல் விளிம்பில் தனியாக இருக்கும். வேறு யாரும் அதை எடுக்கமாட்டார்கள். விளிம்பில் ஒரு சொட்டை, அதுதான் அடையாளம். குடித்துவிட்டு அவரே குழாயடியில் அலம்பிக் கவிழ்த்துவிட்டுப் போவார். எட்டு வருஷம் இப்படி நடந்தது. அம்மா கல்நெஞ்சக்காரி அல்ல. அவருக்கு ஜுரம் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்து அனுப்பியவள். இருந்தும் டம்ளர் தனி. எனக்கு அப்போது அது ஒரு விஷயமாகவே படவில்லை. கடிகாரம் சுவரில் இருப்பது போல டம்ளர் ஜன்னலில் இருந்தது, அவ்வளவுதான்.

1967-ல் அரங்கேற்றம். மாட்டுங்காவில் ஒரு சின்ன மண்டபம். சலங்கைப் பூஜை முடிந்து அவர் சலங்கையை எடுத்துக் கொடுத்ததும், அக்கா அவர் காலில் விழுந்து நமஸ்காரம் செய்யவேண்டும், அதுதான் முறை. முந்தின நாள் ராத்திரி பாட்டி பிடித்துக்கொண்டாள். "நம்மாத்துப் பொண்ணு அவர் கால்லே விழறதாவது? கைகூப்பினா போறாதோ?" அப்பா பேசவில்லை. அம்மா பேசவில்லை. அக்காதான் சொன்னாள்: "பாட்டி, அவர் கொடுத்த ஆட்டத்தை வாங்கிண்டாச்சு. கால்லே விழறதுக்கு மட்டும் என்ன யோசனை?" பதினாறு வயசு! மறுநாள் சபை பார்க்க விழுந்தாள். பாட்டி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து போகவில்லை. அந்த வாரமே ஜன்னல் விளிம்பிலிருந்து டம்ளர் காணாமல் போயிற்று. யார் எடுத்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தச் சமயம் வெளியே வேறு காற்று அடித்துக்கொண்டிருந்தது. 1966 ஜூனில் சிவசேனை தோன்றியது. மதராஸிகள் வேலையைப் பறிக்கிறார்கள் என்ற கோஷம் கிளம்பி, உடுப்பி ஹோட்டல்கள் மீது கல் விழுந்த வருஷங்கள் அவை. அக்காவுக்கு அப்பாவின் உத்தரவு: சலங்கையைத் துணியில் நன்றாகச் சுற்றி, பையின் அடியில் வைத்து, மேலே புஸ்தகம் வைத்துக்கொண்டு போகவேண்டும். சத்தம் கேட்கக்கூடாது. கீழ்மாடிப் பெண் அதைக் கேட்டுவிட்டு, "என் பையில் போடு, நான் எடுத்து வருகிறேன், என்னை யார் கேட்பார்கள்?" என்று மராத்தியில் சொன்னாள். இரண்டு பேர் சலங்கையும் அவள் பையில் ஒத்திகைக்குப் போய் வந்தன. அரசியல்வாதிகள் செய்யமுடியாத காரியத்தை இந்த மாதிரி எத்தனையோ கூடங்களில் எத்தனையோ நட்டுவனார்கள் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சரபோஜியின் மராத்திச் சுவடிகளை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா? பம்பாயில் சந்திரசேகர பிள்ளையிடம் பரதம் பயின்ற ஆசாரிய பார்வதி குமார் ஒரு மராத்தியர். தஞ்சாவூர் அரண்மனையில் தம் மொழியில் நாட்டியப் பாடல்கள் இருக்கின்றன என்று அறிந்து, அந்த நிரூபணங்களில் பல வருஷம் உழைத்து, "தஞ்சாவூர் நிருத்ய பிரபந்தம்" என்று அவற்றுக்கு ஆட்ட வடிவம் கொடுத்தார். அவருடைய சிஷ்யை சுசேதா பிடே சாபேகர், தஞ்சை நால்வர் பரம்பரையின் கிட்டப்பா பிள்ளையிடமும் கற்றவர். இன்னொரு சிஷ்யை சந்தியா புரேசா 2022-ல் சங்கீத நாடக அகாதெமியின் தலைவரானார். மராட்டிய ராஜா தமிழ்நாட்டில் மராத்தியில் எழுதியதை, தமிழ் நட்டுவனாரிடம் கற்ற மராத்தியர் பம்பாயில் எடுத்து ஆடவைத்தார். கதாகாலக்ஷேபத்தில் ஸாகி, திண்டி, ஓவி என்று வருவதெல்லாம் இப்படித்தான். மகாராஷ்டிரத்திலிருந்து தஞ்சாவூருக்கு வந்த கீர்த்தன்காரர்களைக் கேட்டுத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் நமக்காக அமைத்துக் கொடுத்தது. நம் பஜனை சமாஜத்தில் அபங்கம் பாடும்போது எது யாருடையது என்று பிரிக்கப் பார்த்தால் பிரியாது.

சபாக்களைப் பற்றி நான் சுருக்கமாகவே சொல்கிறேன், அவற்றுக்கு மலர்கள் நிறைய உண்டு. சண்முகானந்த சபா 1952-ல் ஏற்பட்டது. அதன் பிரம்மாண்டமான அரங்கம் 1963-ல் திறக்கப்பட்டது. 1990-ல் தீப்பிடித்து அரங்கம் பாழானபோது, மாட்டுங்காவில் சொந்த வீடு எரிந்ததைப்போலத் துக்கம் விசாரித்துக்கொண்டோம். எட்டு வருஷம் கழித்து, 1998-ல், 2,700-க்கு மேற்பட்ட இருக்கைகளோடு மறுபடி திறந்தார்கள். செம்பூர் கதை வேறு மாதிரி. டிராம்பேயில் அணுசக்தி நிலையம், மாஹுலில் சுத்திகரிப்பு ஆலை, பிறகு உரத் தொழிற்சாலை என்று ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வேலைகள் வந்தபோது மாட்டுங்காவின் அடுத்த தலைமுறை அங்கே குடிபெயர்ந்தது. 1962-லேயே ஃபைன் ஆர்ட்ஸ் சொஸைட்டி தொடங்கிவிட்டார்கள். அங்கே பாட்டும் ஆட்டமும் கற்றுக்கொள்ளப் போகும் குழந்தைகளில் பாதிக்கு மேல் தமிழ் தெரியாதவர்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை.

சபா வந்ததில் கலைஞருக்கு ஒரு நன்மை, அகத்துக் கூடத்தில் ஜன்னல் டம்ளருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நாகஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை, மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று பிடிவாதம் பிடித்துக் காட்டிய மரியாதை, டிக்கெட் விற்கும் அரங்கில் எல்லோருக்கும் கேட்காமலே கிடைத்தது. ஆனால் மேடையில் இருப்பவருக்குத்தான் கிடைத்தது. மேடைக்குப் பின்னால் இருப்பவர்?

மிருதங்கம் பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலால் ஆனது. தோலைத் தேர்ந்தெடுத்து, பதப்படுத்தி, வார் பிடித்து, சாதம் ஏற்றி நாதத்தை வரவழைப்பவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். டி. எம். கிருஷ்ணா 2020-ல் அவர்களைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார், "செபாஸ்டியன் அண்ட் ஸன்ஸ்" என்று. அவருடைய மற்ற அபிப்பிராயங்களில் நம் உறுப்பினர்கள் பலருக்கு உடன்பாடு இருக்காது, எனக்கும் சிலவற்றில் இல்லை. ஆனாலும் அந்தப் புத்தகத்தைப் படியுங்கள். பாலக்காடு மணி அய்யர் என்ற பெயரைக் கேட்டால் எழுந்து நிற்கும் மாட்டுங்காவில், அவருக்கு வருஷக்கணக்காக மிருதங்கம் செய்துகொடுத்த பர்லாந்து என்ற பெயரை எத்தனை பேர் கேட்டிருந்தோம்? நான் கேட்டதில்லை. அறுபது வயதுக்கு மேல், புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

தோல் என்றால் மும்பைக்காரருக்கு உடனே ஞாபகம் வருவது தாராவி. சயான் ஸ்டேஷனில் கிழக்கே இறங்கி நடந்தால் சண்முகானந்தா, மேற்கே இறங்கினால் தாராவி. நடுவில் தண்டவாளம் மட்டும்தான். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தமிழர்கள் அங்கே தோல் ஷாப்புகளில் வேலைக்கு வந்தது நம் ஷார்ட்ஹேண்ட் காலத்துக்கும் முந்தியது. ஆக, இரு பக்கமும் தமிழ் கேட்கும். எழுபது வருஷத்தில் நான் அந்தப் பக்கம் போனது கைவிரலில் எண்ணிவிடலாம். ஒரு பொங்கலன்று 90 அடி சாலைப் பக்கம் வழி தப்பிப் போய்விட்டேன். தெருவோடு வரிசையாகப் பானைகள் பொங்கிக்கொண்டிருந்தன, நடுவில் பறை முழங்கிக்கொண்டிருந்தது. என் காலும் தாளம் போட்டது. ஒரு பெரியவர் "வாங்க சாமி, பொங்கல் சாப்பிட்டுப் போங்க" என்று தொன்னையில் கொடுத்தார். நின்று சாப்பிட்டேன். அவர் எனக்கென்று தனியாக ஒன்றும் எடுத்து வைத்திருக்கவில்லை.

2018-ல் ரஜினிகாந்தின் "காலா" வந்தபோது, அதில் தாராவிப் பையன்கள் சிலர், டோப்அடெலிக்ஸ் என்ற குழுவினர், பாடியதை என் பேரன் போட்டுக் காட்டினான். பேச்சா பாட்டா என்று எனக்குப் பிடிபடவில்லை. முழுவதும் பிடித்தது என்று சொன்னால் பொய். ஆனால் சொற்களைத் தாளத்தில் அடுக்கும் வேகத்தைக் கேட்டபோது, எங்கள் கூடத்தில் தட்டுக்கழியோடு உட்கார்ந்து சொல்கட்டுச் சொன்னவர் ஞாபகம் வந்தது. பேரனிடம் அதைச் சொன்னேன். "தாத்தா, அது ராப்" என்று சிரித்தான்.

போன தீபாவளிக்கு அக்காவின் வீட்டில், அதே செம்பூரில், பழைய பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தோம். அரங்கேற்ற அழைப்பிதழ் அகப்பட்டது. மஞ்சள் தடவிய நான்கு முனைகளும் மடங்கிப் போயிருந்தன. அப்பா பெயர் பட்டத்தோடு பெரிய எழுத்தில். தலைமை தாங்கிய ஆபீசரின் பெயர் அதைவிடப் பெரிய எழுத்தில். அடியில் நட்டுவனார் பெயர், ஒரு எழுத்துப் பிழையோடு. அதற்கும் கீழே "பக்கவாத்தியங்களுடன்" என்று ஒரே ஒரு சொல். வாய்ப்பாட்டு யார், மிருதங்கம் யார், புல்லாங்குழல் யார், ஒன்றும் இல்லை. ஆல்பத்தைப் பார்த்தோம். அக்கா நடுவில் நிற்கிறாள். இடது ஓரத்தில் ஒரு முழங்கையும் மிருதங்கத்தின் வலந்தலையும் மட்டும் தெரிகின்றன, மீதியை போட்டோக்காரர் வெட்டிவிட்டார்.

"இது யார் கை, ஞாபகமிருக்கா?" என்று கேட்டேன்.

அக்காவுக்கு எழுபத்தைந்து வயதாகிறது. காலை எழுந்தால் மூட்டு பிடித்துக்கொள்கிறது, மாத்திரை சாப்பிட்டாளா என்பது மறந்துபோகிறது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் இருந்தாள். பிறகு மூன்று பேர் பெயரையும் ஊரோடு சொன்னாள். குழல்காரர் தினம் குர்லாவிலிருந்து நடந்தே வருவார் என்றும் சொன்னாள்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அகத்திலும் இம்மாதிரி அழைப்பிதழ்களும் கச்சேரி நோட்டீஸ்களும் படங்களும் இருக்கும். மும்பை மட்டுமல்ல, டில்லி, கல்கத்தா, ஜாம்ஷெட்பூர் என்று நம்மவர் போன இடமெல்லாம் இருக்கும். இடம் அடைக்கிறது என்று பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம். ஒரு பிரதி எடுத்துச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பினால் சேர்த்து வைப்பதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். அதில் அச்சாகாத பெயர் ஏதாவது உங்கள் அகத்துப் பெரியவர்களுக்குத் தெரிந்தால், இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். எங்கள் அழைப்பிதழின் பின்பக்கத்தில் அந்த மூன்று பெயர்களையும் நான் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். நட்டுவனார் பெயரில் இருந்த எழுத்துப் பிழையை அக்கா திருத்தினாள்.